பாதி மஞ்சள்

முப்பத்தோராயிரம், வரி தனி,
ஏழு வாரம் ஆகும் என்றது கம்பெனி மெயில்.
ஏழு வாரத்தில்
மாரியம்மன் கோயிலில் கம்பமே பிடுங்கியிருப்பார்கள்.
வெளியே பெருந்துறை ரோடு வரைக்கும் மஞ்சள் மூட்டை.
உள்ளே, கண்ணாடிக் குப்பியைத் தாங்கும் கறுப்புக் கூடு
இரண்டாக என் கையில்.

கட்டைவிரல் அகலம்தான்.
அது பிடித்து நிறுத்தினால்தான்
நானூற்று இருபத்தைந்தில் ஒளி நேராகப் போகும்,
குர்குமின் எத்தனை சதவீதம் என்று மெஷின் சொல்லும்,
வியாபாரி விலை எழுதுவார்.

சூரம்பட்டியில் செங்கோட்டுவேலின் லேத்.
போர்மோட்டார் புஷ்களுக்கு நடுவே வைத்து
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எலிக்குஞ்சுக்கு ஊடு கட்டறாப்பல இருக்குதுங் அம்மிணி.
சதுர ஓட்டை லேத்துல வராதுங்.
ரெண்டு எல் வெட்டி
மூஞ்சிக்கு மூஞ்சி பூட்டிக்கலாம்."
பன்னிரண்டரை மில்லிமீட்டர் என்றேன்.
குப்பியையே கேட்டார்.
கைக்குட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன்.
வெர்னியரில் பன்னிரண்டு புள்ளி நாலு ஆறு.
"கம்பெனிக்காரன் சொன்னான்னு
அப்படியே நம்பப்படாதுங்."

அலுமினியம் புதுக் குத்துவிளக்காட்டம் மின்னியது.
அதுதான் வம்பு.
ஒளி சுவரில் பட்டுத் தெறித்து
வெறும் ஆல்கஹாலுக்கே எண் ஆடியது.
கரும்பலகைப் பெயின்ட் இரண்டு கை பூசி
ஒரு ராத்திரி காயவிட்டேன்.
ஸ்பிரிங்குக்கு, இரும்பு அளவுநாடாவில் அரை விரல் நறுக்கி
வளைத்துச் செருகினேன்.
அதில் இன்னும் 47 என்று தெரிகிறது.
லேத்துக்கு நூற்றெண்பது, பெயின்ட்டுக்கு அறுபத்தைந்து.
நாடா ஆபீசுடையது, யாரும் கேட்கவில்லை.

சைபர்.
ஆடாத சைபர்.
ஸ்டாண்டர்டு கரைசலை வைத்தேன்:
புள்ளி நாலு மூணு ஆறு.
ஆடியில் கம்பெனி ஆள் வந்து வைத்துக் காட்டிய அதே எண்.
டீ சொல்லலாம் என்று எழுந்தேன்.

எதற்கென்று தெரியவில்லை,
பழைய கூட்டை நூல் சுற்றிக் கட்டி
அதையும் ஒருக்கா வைத்துப் பார்த்தேன்.
புள்ளி நாலு ஒண்ணு ரெண்டு.

கட்டை அவிழ்த்து
உடைந்த விளிம்பை ஜன்னலோரம் பிடித்தேன்.
பாதி புதுக் கறுப்பு, பளபளப்பு.
பாதி மஞ்சள்.

ஒரு நாளில் இறங்கிய மஞ்சள் அல்ல அது.
விரிசல் எப்போதோ விழுந்திருக்கிறது.
ஒளி கசியக் கசிய
ஒவ்வொரு தூளையும் குறைத்தே சொல்லியிருக்கிறது,
நானும் அழகான கையெழுத்தில்
எழுதி எழுதி வைத்திருக்கிறேன்.

தையிலிருந்து முன்னூற்றுப் பன்னிரண்டு வரி.
சிவகிரி, கவுந்தப்பாடி, அந்தியூர்.
"மூணு புள்ளி ஒண்ணுதானுங்களா, நல்லாப் பாத்தீங்களா?"
என்று ரெண்டு தரம் கேட்டுவிட்டு
செருப்பை மாட்டிக்கொண்டு போன மொடக்குறிச்சிக்காரர்.
மெஷின் சொல்லுதுங்க என்றேன் அவரிடம்.

புதுக் கூட்டின் அடியில்
செங்கோட்டுவேல் ஆணியால் தேதி கீறியிருக்கிறார்,
கேட்காமலே.

மேனேஜர் மூன்று மணிக்கு வருவார்.
பதிவேட்டை தை முதல் தேதிக்குப் புரட்டி
சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து
வைத்திருக்கிறேன்.