பாதிக் கூடாரம்

ஆட்டுக்குட்டி நிறுக்கும் தராசு அது.
கொக்கியில் இன்னும் கம்பளி மயிர்.
அக்காள் கணவர் ஓரோஸ்பெக் அதைக் கொட்டகையில் மாட்டித் தர
ஐந்து நாளுக்கான என் பைகளை
ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன்.
பதினான்கு கிலோ முன்னூறு.
"சந்தையில் நல்ல விலை போகும்" என்றார்,
"கணவாய்தான் ஏறாது."

நாரினில் செப்டம்பர் இரண்டாம் வாரம்.
சோங்-குல் ஏரிக்கரையில் யூர்ட்டுகளைப் பிரித்துக்கொண்டு
மந்தைக்காரர்கள் இறங்கிவிட்டார்கள்.
போன மாதம் என்றால் யாராவது கூப்பிட்டுத் தேநீர் ஊற்றியிருப்பார்கள்.
இனி ரொட்டி வேண்டுமென்றால்
அதை நானே மிதித்து மேலேற்ற வேண்டும்.
குர்த்காவில் கடைசிக் கடை.
அப்புறம் முப்பதுக்கும் மேல் கொண்டை ஊசி வளைவுகள்,
பல் கிட்டிக்கும் சரளை,
புதன்கிழமை வாக்கில் பனி பெய்யலாம் என்கிறது வானொலி,
பெய்யாமலும் போகலாம் என்கிறது அதே வானொலி.

ஆகவே, களைதல்.
பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்தேன்.
வரைபடத்தில் போகப்போகாத மேற்குப் பக்கத்தைக் கத்தரித்தேன்.
பிறகு, வழி தவறினால்
அங்கேதான் போய் நிற்பேன் என்று தோன்ற
நாடா ஒட்டி மறுபடி சேர்த்தேன்.
இரண்டாவது கால்சட்டை வெளியே.
உப்புத் தயிர் உருண்டை ஒரு கிலோ உள்ளே.
ஆடு கலக்கிய ஓடைக்கு ஒரு வடிகட்டி,
அறுந்த சங்கிலிக்கு ஒரு கண்ணி.
பிளாஸ்டிக் கட்டுகள் எதற்கு இருபது?
தெரியாது. இருபது.

மற்றதெல்லாம் பாதி பாதி.
நானும் பெகாயிமும் ஜூன் மாதமே பாகம் பிரித்தாயிற்று:
கூடாரத் துணி எனக்கு, கம்பிகள் அவளுக்கு.
அடுப்பு எனக்கு, எரிவாயு அவளுக்கு.
பஞ்சர் ஒட்டு என்னிடம், பம்பு அவளிடம்.
சொத்துப் பிரித்த அண்ணன் தம்பிகள்கூட
இவ்வளவு நியாயமாய்ப் பிரித்திருக்க மாட்டார்கள்.
ஒருத்தி இல்லாமல் மற்றவள்
நனைவாள், பச்சை மாவைத் தின்பாள்,
வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பாள்.

இரவு ஒன்பதுக்குத் தொலைபேசி.
"குல்பாராவுக்கு வலி எடுத்துவிட்டது,
ஏழு வாரம் முன்னாலேயே.
அவளுடைய இரவுப் பணி இனி எனக்கு. மாதக் கடைசிவரைக்கும்."
பிரசவ வார்டில் இருப்பதே மூன்று செவிலிகள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தரையில் விரித்திருந்ததைப் பார்த்தேன்:
கம்பி இல்லாத கூடாரம்
ஒரு பெரிய கைக்குட்டை.

பத்தரைக்கு அவளே வந்தாள்,
வெள்ளை அங்கிக்கு மேல் என் பழைய ஜாக்கெட்டோடு.
கம்பிகள், பம்பு, எரிவாயு,
யாரோ பாட்கெனிலிருந்து கொடுத்தனுப்பிய
உலர்ந்த ஆப்ரிகாட் ஒரு பொட்டலம்.
"குழந்தை?"
"ஒன்று எழுநூறு."
ஒரு கணம்,
எந்தப் பையைச் சொல்கிறாள் என்று தேடினேன்.
வெட்கமாய்ப் போயிற்று.
நான் இங்கே கிராம் கிராமாய்க் கழித்துக்கொண்டிருக்க
அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள்
கிராம் கிராமாய்க் கூட்டப்போகிறார்கள்.

"நீ போ. தண்ணீர் எங்கே, சேறு எங்கே,
எங்கே இறங்கித் தள்ள வேண்டும்,
எல்லாம் குறித்துக்கொண்டு வா.
ஜூலையில் எனக்கு வேண்டும்."
படியிறங்கியவள் பாதியில் நின்று கத்தினாள்:
"உன் வலது பெடல் கீச்சிடும், எண்ணெய் விடு!"

எல்லாவற்றையும் பிரித்து
முதலிலிருந்து அடுக்கினேன்.
கம்பிகள் கைப்பிடிக்குக் குறுக்கே.
எரிவாயு, நடுவில், துணிக்குள்.
இரண்டாவது குவளையை எடுத்து
அலமாரியில் வைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
அதற்குள் ஆப்ரிகாட்டைக் கொட்டி
திரும்பவும் பையில் செருகினேன். அறுபது கிராம்.
கட்டுகளில் பத்தை விட்டேன்.

விடியலில் மறுபடி தராசு.
பதினைந்து கிலோ தொள்ளாயிரம்.
ஓரோஸ்பெக் கண்ணைக் கசக்கிக்கொண்டு
முள்ளருகே குனிந்தார்.
"ஒரே ராத்திரியில்
இதற்கு என்ன தின்னக் கொடுத்தாய்?"