பன்னிரண்டாவது ஆள்

பதிவேட்டில் முகவரி எழுதச் சொன்னான் அஸ்ரின்.
தெம்பனிஸ் என்று எழுதினேன்.
நிமிர்ந்து பார்த்தான்.
"இருபத்தொன்பதாம் பஸ்ஸில் அரைமணிதானே, மக்சிக்?"
ஆமாம், அரைமணிதான்.
ஓர் இரவுக்கு முப்பத்திரண்டு வெள்ளி,
துண்டுக்குத் தனியாக இரண்டு.
துண்டு கொண்டுவந்திருந்தேன்.

சாங்கி வில்லேஜ், ஜனவரி.
கடைகளுக்கு மேல் இரண்டாம் மாடி,
எட்டுக் கட்டில், ஓர் ஏர்கான்.
படியேறும்போதே நாசி லெமாக் எண்ணெயும்
காயாத காற்சட்டைகளின் உப்பும்.

என்னைத் தவிர எல்லாரும் அலை தேடி வந்தவர்கள்.
இங்கே அலை இல்லை, அது அவர்களுக்கும் தெரியும்.
மழைக்காற்று மாதங்களில்
எதிர்க்கரை தாண்டித் தெசாருவில் எழும்புமாம்.
படகு காலையில். அதுவரை ஒரு மலிவான கட்டில்.
எனக்கும் கெந்தாவுக்கும் நடுவே
வெள்ளிநிறப் பைக்குள்
நின்றுகொண்டே தூங்கியது அவன் பலகை.

எங்கள் கடல் வேறு மாதிரி.
தூரத்தில் ஒரு கப்பல் போகும், போயே போய்விடும்.
எல்லாரும் மறந்த பிறகு
அதன் அலை வந்து கல்லில் மோதும்.
எனக்குக் கோபம் வருவதும் அப்படித்தான்.

மூன்றறை வீடு, ஆறு பேர்.
மகன் மணமுடித்ததிலிருந்து நான் ஹாலில்.
தண்ணீர் குடிக்க வருகிறவர்கள்
என் முகத்துக்கு மேல் விளக்கைப் போடுகிறார்கள்,
"ஸாரிம்மா" என்கிறார்கள்,
அணைக்காமல் போகிறார்கள்.

"ஜொகூரில் பயிற்சி, மூன்று நாள்" என்றேன்.
எல்லாரும் பார்க்கும்படி
அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன்.
நம்பினார்கள்.
என்ன பயிற்சி என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்,
நல்ல பதில்,
வீணாய்ப் போயிற்று.

மேல்கட்டிலுக்கு ஒரு திரை இருந்தது.
நீலம். இரண்டு வளையம் அறுந்தது.
ஆனாலும் இழுத்தால் மூடும்.
இழுத்தேன். திறந்தேன். மறுபடி இழுத்தேன்.
கீழேயிருந்து யாரோ ஜெர்மனில் ஏதோ சொன்னார்கள்.
பிறகு விமானங்களை எண்ணினேன்,
பதினேழு வரை ஞாபகம்.
விழித்தபோது மணி ஒன்பது ஐம்பது.
ஒன்பது ஐம்பது!
யாருக்கும் பசியாற எதுவும் ஆக்காமல்
ஒரு காலை அதுபாட்டுக்கு வந்து நின்றது.

மறுநாள் சாயங்காலம் கெந்தா
கைபேசியில் வண்ண வண்ணமாய்க் கடலைக் காட்டினான்.
நான்கு விரல் நீட்டினான்: நாளை நான்கடி.
"நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?"
"தூங்குகிறேன்."
மரியாதையாகத் தலையசைத்தான்,
அதற்கும் தூரதேசம் போகவேண்டும்
என்பது தெரிந்தவன்போல.

மூன்றாம் நாள்
பிளாஸ்டிக் பையில் கோப்பி-ஓ தொங்க
படகுத்துறைக்குப் போனேன், வழியனுப்ப.
பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு.
பதினொருவர்.
நாற்பது நிமிடம் ஒருவரும் வரவில்லை.
காற்று திரும்பினால் அலை கெட்டுவிடும் என்று
கெந்தா பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தான்,
அழும் குழந்தையைத் தட்டுவதுபோல.

காலி இடத்துக்குக் காசைப் பங்கு போடலாமா என்று
அவர்கள் சில்லறை எண்ணும்போது
படகுக்காரர் என்னைப் பார்த்தார்.
பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

"பாஸ்போர்ட் இருக்கா?"

இருந்தது.
பொய்க்குச் சாட்சியாகப் புறப்பட்டு வந்தது
கைப்பையின் அடியில்
மாத்திரைப் பட்டைக்கும் சீப்புக்கும் நடுவே கிடந்தது.

பெங்கராங்கும் ஜொகூர்தான்.

பலகையை மடிகளுக்குக் குறுக்கே கிடத்தினோம்.
அதன் மூக்கு என் மடியில்.
மெழுகு புடவையில் ஒட்டியது, போகாது என்றான் கெந்தா,
வருத்தமாக.

நடுக்கடலில் கப்பல் ஒன்று எங்களைக் கடந்தது.
நான் இதுவரை கரையில் நின்றே பார்த்த அலை,
களைத்து வந்து கல்லில் சாகும் அந்த அலை,
இளசாக, பச்சையாக,
படகின் அடியில் புகுந்து எங்களைத் தூக்கியது.

யாரோ "ஓய்" என்று கூவினார்கள்.

கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது,
அது என் குரல் என்று.