மேலூர் வந்தாச்சு

பொதுத்தேர்வில் வராது, நீட்டிலும் வராது என்று
முதல் நாளே சொல்லிவிட்டார் எஸ்தர் மிஸ்.
அதற்குப் பிறகும் எழுந்து போகாதவர்கள் பதினோரு பேர்.
சனிக்கிழமை சிறப்பு வகுப்பு,
ஜன்னலுக்கு வெளியே யானைமலை.

கரும்பலகையில் ஒரு ரயில், ஒரு நடைமேடை,
மேடையில் ஒரு குச்சி மனிதன்.
யார் நகர்கிறார்கள்?
ரயில்தான் என்றான் இருளப்பன்,
இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அப்பா ஓட்டும் பஸ்ஸில்
விடிகாலையில் கிளீனர் கத்துவார்:
மேலூர் வந்தாச்சு, எந்திரிங்க.
மேலூருக்கு நாம் போகவில்லை.
மேலூர்தான் கிளம்பி வந்திருக்கிறது,
புரோட்டாக் கடைகளையும் தூக்கிக்கொண்டு.

இரண்டாவது விதிதான் தொண்டையில் நின்றது.
ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்று.
அப்பா எண்பதில் போனாலும்
துவரங்குறிச்சியில் நிறுத்தி டீ குடித்தாலும்
எதிர்லாரியின் ஹைபீம்
அதே வேகத்தில்தான் அவர் கண்ணில் விழும்.
அநியாயமா இருக்கே என்றாள் தஸ்லீமா.
அந்த அநியாயத்தைச் சரிக்கட்டத்தான்
நேரம் வளைந்துகொடுக்கிறது.
ஓடும் கடிகாரம் மெதுவாக ஓடும்
என்று நோட்டில் எழுதினேன்.
தமிழில் எழுதினால் குழப்பம்தான்,
ஆனால் விஷயம் அதுவே.

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
பத்தொன்பது வருடம், வருடத்துக்கு முந்நூறு ராத்திரி,
ராத்திரிக்கு ஒன்பது மணி நேரம், வேகம் எண்பது.
கால்குலேட்டர் ஒன்று என்றது.
திரும்பத் தட்டினேன்.
ஒன்று.
அதன் கண்ணுக்கு அப்பா நகரவே இல்லை.

கையால் விரித்தேன்.
புள்ளிக்குப் பிறகு பதினான்கு சுழியம்,
அப்புறம்தான் ஒரு இரண்டு எட்டிப்பார்த்தது.
கடைசியில் வந்த விடை:
வீட்டிலேயே இருந்திருந்தால் ஆகியிருக்கும் வயதைவிட
அப்பாவுக்கு வயது குறைவு,
ஒரு நொடியைப் பத்து லட்சமாய் நறுக்கினால்
ஒரு துண்டில் பாதி.

அம்மாவிடம் சொன்னேன்.
அவர் தலையப் பாத்துட்டுச் சொல்லு என்றாள்.
தஸ்லீமா போனில்,
தாழ்வான இடத்திலும் கடிகாரம் மெதுவாகுமாம்,
சென்னை நம்மளவிடத் தாழ்வு, அதையும் சேருடி என்றாள்.
அது அடுத்த பாடம் என்று தள்ளிவைத்தேன்.

ஞாயிறு ஏழு மணிக்கு அப்பா வந்தார்.
கண் இரண்டும் சிவந்து,
சட்டையில் டீசல் வாசம்.
நோட்டை நீட்டினேன்.
சுழியங்களை அவர் பார்க்கவே இல்லை.
மேலே ஒரு வரியில் விரலை வைத்தார்.

ஒம்பது மணி நேரமும் எம்பதுலயேவா போறேன்?
சிட்டம்பட்டி டோல்ல நின்னது?
பெரம்பலூர்ல சாப்பாட்டுக்கு அரை மணி?
பெருங்களத்தூர்ல ஊர்ந்து ஊர்ந்து போனது?
அதெல்லாம் கழிச்சியா?

கழிக்கவில்லை.

கழிச்சுட்டுச் சொல்லு என்று
பாயில் சாய்ந்தவர் உடனே தூங்கிப்போனார்.
வெயில் படாமல் ஜன்னலில் அம்மாவின் சேலையைக் கட்டிவிட்டு
அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து
அவருக்கு மிச்சமாகியிருந்த வயதை
டோல் டோலாகத்
திருப்பிக் கூட்டிக்கொண்டிருந்தேன்.