அடுத்த பெயர்

வெள்ளிக்கிழமை, கிளினிக் மூடும் நேரம்.
கண்ணாடிக் கதவில் கோதுமைத் தூசி,
அதற்கப்பால் வழக்கம்போல் ஒன்றுமில்லை, கான்சாஸ்.

வெர்லின் உன்ரூ உட்காரவில்லை.
உட்கார்ந்தால் எழ முடியாதென்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
தானிய இயந்திரம் அவரைத் தூக்கி எறிந்து
நான்கு அறுவடை ஆயிற்று.

முன்பெல்லாம் என் பெயருக்குக் கீழே
இன்னொரு பெயர் வேண்டும்.
விச்சிட்டாவில் ஒரு டாக்டர்,
இந்த முதுகை ஒருமுறைகூடத் தொட்டறியாதவர்,
மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு
ஃபேக்ஸில் கையெழுத்து அனுப்புவார்.
மை தீர்ந்த நாட்களில் அது
எறும்பு ஊர்ந்த தடம்போல் வரும்.
சட்டத்துக்கு அது போதும்.

அதை எதிர்த்துத்தான் டொபீக்காவுக்கு
மூன்று குளிர்காலம் வண்டி ஓட்டினேன்.
"இருபது வருடமாக நான்தான் பார்க்கிறேன்,
நானே எழுதுகிறேன்" என்று
மைக்கில் சொன்னபோது குரல் நடுங்கவில்லை.

இப்போது விரல் நடுங்குகிறது.
குப்பியைக் கவிழ்த்து
நீலத் தட்டில் ஐந்தைந்தாகத் தள்ளுகிறேன்.
இருக்க வேண்டியது இருபத்தாறு.
இருப்பது பதினைந்து.
மறுபடி எண்ணுகிறேன்.
பதினைந்து.

ஃப்ரீசன் வீட்டுப் பையன் நினைவுக்கு வருகிறான்.
பத்தொன்பது வயது.
யார் வீட்டு அலமாரியில் எடுத்தான் என்பது
இன்றுவரை தெரியாது.
யார் எழுதிய மாத்திரை என்பதும்.

"வெர்லின்."
அவர் ஜன்னலைப் பார்க்கிறார்.
"ஆர்லிஸுக்குக் கொடுத்தேன்.
புற்று எலும்புக்குப் போய்விட்டது.
ராத்திரி அவள் சத்தம் என் கொட்டகை வரை கேட்கும்.
இங்கே வரமாட்டாள்."
"ஏன்?"
"நீ எண்ணுவாய் என்று."

குளிர்பெட்டி உறுமிவிட்டு அடங்குகிறது.
திட்டலாம். விதி இருக்கிறது.
விதியில் பாதியை நானே கேட்டு வாங்கினேன்.
இப்படி ஒரு மணிநேரத்தில்
விச்சிட்டாவுக்கு ஃபோன் போட்டு
அவர் "வேண்டாம்" என்றால்
வேண்டாம் என்று சொல்லிவிடலாம்,
அது எவ்வளவு சுகமாயிருந்தது!

முப்பது நாளுக்கு இல்லை, ஏழு நாளுக்கு.
கூடவே மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கும் மருந்து.
பூட்டு வைத்த டப்பா ஒன்று.
அடுத்த வெள்ளி மறுபடி எண்ணுவேன் என்கிறேன்.
தலையாட்டுகிறார், கோபமா நன்றியா தெரியவில்லை.

திரையில் என் பெயரை அழுத்துகிறேன்.
கீழே வேறு பெயர் கேட்கவில்லை.
எனக்குத்தான் ஒரு கணம்
யாரையோ தேடிற்று கண்.

விளக்கை அணைத்துப் பையை எடுக்கிறேன்.
"ஆர்லிஸ் வீடு எந்தப் பக்கம்?"
"ஜல்லிச் சாலை முடியுமிடத்தில் இடது.
நாய் குரைக்கும்.
கடிக்காது என்றுதான் நினைக்கிறேன்."