பதினேழரை

ராங்கெல் கொண்டுவந்தது
மிளகாய் ஊறுகாய் இருந்த பாட்டில்.
மூடியைத் திருகியதும் முதலில் வினிகர் நெடி,
அதன் பின்தான் ரோமாபுரி.

"ஊறப்போட்டாயா?"
"ஒரே ராத்திரி. பளபளக்கட்டுமே என்று."
ஆயிரத்து எழுநூறு வருடம் மண் பூசிய பச்சைத்தோலை
ஒரே ராத்திரியில் உரித்திருக்கிறான்.
திட்டவில்லை. தராசை எடுத்தேன்.

ஸ்விஷ்டோவில் அக்டோபர்.
நவம்பர் பிறக்காமல் அருங்காட்சியகத்தில்
ஹீட்டர் போடக்கூடாது.
அவன் கோட்டுக்குள் இருந்து வந்ததால்
காசுகள் என் விரல்களைவிடச் சூடு.

பூவா தலையா கேட்பவர்களுக்கு
நாணயத்துக்கு இரண்டு பக்கம்.
எனக்கு மூன்று. விளிம்பையும் படிக்கச்
சம்பளம் வாங்குகிறேன்.

வெள்ளியில்,
தலையில் இலைமாலை என்றால் ஒன்று,
கதிர்முடி என்றால் இரண்டு.
அரசியின் தோளடியில் பிறை இருந்தாலும் இரண்டுதான்.
செம்பு சிவந்தால் ஆஸ்,
பித்தளை மஞ்சளித்தால் துபோன்டியஸ்.
வினிகரில் குளித்து வந்தால் இரண்டும் ஒரே இளஞ்சிவப்பு;
அப்புறம் என் கண் சொல்வதுதான் சட்டம்,
என் கண்ணுக்கோ ஐம்பத்திரண்டு வயது.

பதினான்கு கதிர்முடிகள்.
அவன் உழுவது சூரியகாந்தி வயல்.
"அங்கே வேறென்ன முளைக்கும்" என்றேன்.
சிரிக்கவில்லை.

அந்தோனினியானுஸ். பெயர்தான் நீளம்.
இரண்டு தெனாரியஸ் என்று சொல்லி
முதலில் ஒன்றரைக்கு வெள்ளி போட்டார்கள்,
பிறகு ஒன்றுக்கு, பிறகு அரைக்கு,
கடைசியில் செம்பின் மேல்
வெள்ளி என்றொரு வதந்தி.
படியில் அளந்து விற்கலாம்.

தெனாரியஸ் இரண்டு.
ஒன்று மூன்று கிராம் இருபது, குறையில்லை.
மற்றதன் நெற்றியில் உளிக்காயம்:
எவனோ ஒரு வியாபாரி வெட்டிப் பார்த்திருக்கிறான்.
உள்ளே செம்பு.
அன்றே பிடிபட்ட கள்ளன்.
எனக்கு அவனைத்தான் பிடித்தது.
தேய்ந்த ஆஸ் ஒன்று, யார் முகமென்று அதற்கே நினைவில்லை.

"இதில் எது அபூர்வம்?"

என்ன சொல்ல?
இரண்டு மாதம் ஆண்டவன் முகம் அபூர்வம்;
வாங்க ஆளில்லாவிட்டால்
அபூர்வமும் செல்லாக்காசு.
நிறைய அடித்தது நிறையக் கிடைக்கும் என்பதுகூட நிச்சயமில்லை.
நல்ல காசை உருக்கிவிடுவார்கள்,
கெட்டதைத்தான் புதைத்துவிட்டு
திரும்பி வராமல் போவார்கள்.

"இது?" என்று அவனே நகர்த்தினான்.
செஸ்தர்ஷியஸ். உள்ளங்கை கொள்ளாத கனம்,
இரண்டு மாதம் ஆண்டவனேதான், தாடையும் கழுத்துமாக.
விளிம்பைத் திருப்பினேன்.
சுற்றிலும் மெல்லியதாக ஒரு தையல்.
சம்மட்டியில் பிறந்த காசுக்குத் தையல் இருக்காது.

"வயலில் எந்தப் பக்கம்?"
"கிணற்றுப் பக்கம்."
தராசில் எண் நிலைக்குமுன்
அவன் பார்வை டான்யூபுக்குப் போய்விட்டது.
"சந்தையில். இருபது லெவா.
ஒரு நல்ல முகம் இருந்தால்
மற்றதையும் மதிப்பீர்கள் என்று."

கோபம் வரவேண்டும், வரவில்லை.
பதினான்கு கதிர்முடிகள் மேஜையில் இருக்க
இவனை மட்டும் எப்படிக் கடிந்துகொள்வது?

"இது உடைந்தது, குப்பையில் போடுங்கள்."
உடையவில்லை ராங்கெல், வெட்டியது.
முகாமில் சில்லறை தட்டிய ஒரு நாள்,
ஆஸின் மேல் உளி வைத்து ஒரே போடு.
மூக்கு ஒருவனுக்கு, பிடரி ஒருவனுக்கு.
நமக்கு வந்திருப்பது பிடரி.
அரைக்காசு ஆனாலும் அரசாங்கக் காசு என்று
வாங்கி முடிந்துகொண்டு போனவன்
என் இனம்.

படிவத்தில் எழுதினேன்:
ஆஸ், பாதி. ஐந்து கிராம் பத்து.
அபூர்வம் என்ற கட்டத்தில்: சாதாரணம்.
பொய் எழுத முடியாது, நதிக்கரை முகாம்களில்
இப்படிப் பாதிகள் ஏராளம்.
மொத்தம் என்ற இடத்தில் பதினேழரை என்று போட்டேன்.
சோபியாவில் இருந்து திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.

தையல் போட்ட முகத்தை அவனிடமே கொடுத்தேன்.
வாசலில் நின்று அதைச் சுண்டினான்,
பிடிக்கத் தவறினான்.
கல்தரையில் விழுந்தது,
ஒலிக்கவில்லை, தட்டியது.
அவனுக்கும் கேட்டது.