சுங்கச்சாவடியில் ஓநாய்

ஒஹாயோ ஆற்றுப் பாலத்தின் மேற்குக் கரையில்
ஒரு கண்ணாடிக் கூண்டு.
உள்ளே ஹீட்டர், ஸ்டூல், சில்லறைத் தட்டு,
அட்டை கிழிந்த தொகுப்பு ஒன்று:
பதினெட்டுக் காதல் கதைகள்.
ஒவ்வொன்றிலும் ஒருவராவது செத்தவர்,
அல்லது பௌர்ணமிக்கு மயிர் முளைப்பவர்.

லர்லீன் ப்ரூயிட் கதைகளைப் பக்கத்தால் அளப்பதில்லை.
வண்டிகளால் அளக்கிறாள்.
மாடியறை ஆவியும் தபால்காரியும்: ஏழு கார், ஒரு ஆம்புலன்ஸ்.
ரத்தம் குடிக்கும் பல்மருத்துவன்: பனி கொட்டிய இரவில்
நான்கே வண்டி.
முத்தத்துக்கு முன்னால் ஒரு குதிரை டிரெய்லர்,
முத்தத்துக்குப் பின்னால்
விடியும்வரை யாருமில்லை.

அவளுக்குப் புகார்கள் உண்டு.
ஏன் எல்லா ஆவிகளும் உயரமாகவே இருக்கின்றன?
சாகும்போது ஒருவனுக்குக்கூடவா சளி பிடித்திருக்கவில்லை?
உனக்காக நூற்றைம்பது வருஷம் காத்திருந்தேன்
என்கிறான் ஒருவன், மெழுகுவர்த்தி நடுங்க.
அவளுடைய முன்னாள் கணவன்
கடை வாசலில் பத்து நிமிஷம் காத்திருந்ததில்லை
ஹாரன் அடிக்காமல்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் ஏறித்தான் ஆகவேண்டும்.
புளியமரம் இல்லாத இந்தக் கரையில்
சிக்கமோர்.
பட்டை உரிந்து வெளிறி, நிலவில்
அதுவே பாதிப் பேய்.
முதல் கிளை எட்டாது, ஏணி வேண்டும்
என்று ஒருமுறை கணக்குப் போட்டாள்.
பிறகு கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்து
மூக்கால் சிரித்தாள்.

மூன்று பத்துக்குக் கோழி லாரி வரும்.
சிறகு முன்னே, நாற்றம் பின்னே,
நடுவில் எமில் ஹ்ரிட்ஸ்கோ.
ஜனவரியில் ஒருநாள் கேட்டான், என்ன படிக்கிறாய்?
ஓநாய், என்றாள்.
ஓநாயா?
பகலில் மர ஆலையில் வேலை. ராத்திரி ஓநாய்.
நூலகக்காரி ஒருத்தி அவனைக் காதலிக்கிறாள்.
பழைய புத்தகத் தூசி அவனுக்கு ஆகாது, தும்மல் வரும்.
அப்புறம்?

தடுப்புக் கட்டை உயர்ந்து இறங்க நாற்பது விநாடி.
அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.
மறுநாள் இன்னொரு நாற்பது.
பின்னால் வண்டி இல்லையென்றால் ஒரு நிமிஷம்.

அவன் தரும் நாணயங்கள் சூடாக இருந்தன,
நாலு மைல் முன்பிருந்தே
உள்ளங்கையில் பொத்தி வந்த சூடு.
கதைகளில் வரும் கைகள் எல்லாம் சில்லென்று இருக்கும்,
அதற்குத்தான் நாயகிகள் மயங்குகிறார்கள்.
லர்லீன் நாணயங்களை உடனே தட்டில் போடுவதில்லை.

பிப்ரவரியில் நான்கு இரவு லாரி வரவில்லை.
முதல் இரவு வேறு கதைக்குத் தாவினாள். கடற்கன்னி.
பிடிக்கவில்லை.
இரண்டாம் இரவு பனி.
மூன்றாம் இரவு, சரியாக மூன்று பத்துக்கு,
ஆற்றின் நடுவே பாலத்தில் இரண்டு விளக்குகள் தெரிந்தன.
நெருங்காமலே நின்றன.
அணைந்தன.
இதுவே புத்தகமாக இருந்தால்
என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.
ஹீட்டரைக் கூட்டி வைத்தாள்.
நான்காம் இரவு எழுதுமளவுக்கு ஒன்றுமில்லை.

ஓநாய்க் கதையின் கடைசி இரண்டு பக்கங்கள்
விரலுக்கடியில் கிடந்தன.
தனியாகப் படித்தால்
அது முகத்தில் தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

ஐந்தாம் இரவு சிறகு முன்னே வந்தது.
பிறகு நாற்றம்.
அப்படியொரு நல்ல நாற்றம்
பதினெட்டுக் கதைகளிலும் இல்லை.
இடது கட்டைவிரலில் கட்டு.
கூண்டுக் கதவு நசுக்கிவிட்டது, என்றான்,
கோழிகளைக் குற்றம் சொல்லாத குரலில்.
ஓநாய் திரும்பி வந்ததா?

மூடிய கைக்குள் நாணயங்களை எண்ணினாள்.
ஒன்று அதிகம்.
திருப்பித் தரவில்லை.
இன்னும் படிக்கவில்லை, என்றாள்.
ஏன்?
பின்னால் பால் டேங்கர் விளக்கைத் தாழ்த்தி உயர்த்தியது.
கட்டை எழுந்தது.

லாரி போன காற்றில் ஒரு வெள்ளைச் சிறகு
ஜன்னல் துளை வழியே உள்ளே வந்து
பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில் உட்கார்ந்தது.
அதையே அடையாளமாக வைத்து
மூடினாள்.