நாற்பத்தொன்றாம் எண்

லேபிளை முதலில் ஹேர் டிரையரால் சூடாக்க வேண்டும்.
பிறகு நகத்தால் ஒரு மூலை.
பிறகு இழுக்க வேண்டும், மெதுவாக.
அவசரப்பட்டால் காகிதம் மட்டும் வரும்,
கோந்து இரும்பிலேயே தங்கிவிடும்.

‘அரசு நிதியுதவியில் வாங்கப்பட்டது.’
இந்த மூன்று சொல்லை
திங்கள் முதல் வியாழன் வரை
நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் உரித்தேன்.
ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. ஆறு வருஷத்துக்கு முன்
ஒட்டியதும் நான்தான்.

மணலி விரைவுச்சாலையில்
கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும் திருப்பத்தில்
எங்கள் ஷெட்டை உப்பு கம்பெனி என்பார்கள்.
லித்தியம் வேண்டாம், உப்பிலிருக்கும் சோடியம் போதும்,
பேட்டரி செய்துவிடலாம் என்று
சுதாகர் சார் எழுதிய விண்ணப்பத்தை
எட்டுப் பிரதி ஜெராக்ஸ் எடுத்தேன்.
முதல் தவணை வந்த அன்று
முகைதீன் கடையிலிருந்து எல்லோருக்கும் பிரியாணி.
‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’,
வாசலில் எழுதிப் போடலாமா டெல்பின் என்று
சார் கேட்டுச் சிரித்தார்.

மூன்று வருஷம் செல்கள் உப்பின. கசிந்தன.
ஒன்று வெடித்துக் கூரை ஓட்டையானது.
தோற்றதற்கெல்லாம் அரசாங்கம் பணம் தந்தது.
ஜெயித்ததும்
வெளிநாட்டிலிருந்து போன் வந்தது.

சார் மேல் கோபமில்லை.
பெரிய ஆலை கட்ட இங்கே எந்த வங்கியும்
கையெழுத்துப் போடவில்லை,
ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போயிருக்கிறேன்.
பேடன்ட், அச்சுகள், வரைபடங்கள்.
கசிந்த செல்களின் நோட்டுகளைத்தான்
அவர்கள் முதலில் கேட்டார்களாம்.

வீடியோ காலில் ஒருவர்
பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்து நின்றார்:
நாற்பத்தொன்று எங்கே?

நாற்பத்தொன்று நெட்டுக்குப்பத்தில் இருந்தது,
மீன் ஏலக் கூடத்தில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில்.
சோதனைக்கென்று வைத்தோம்.
புயலில் மூன்று நாள் கரன்ட் இல்லாதபோது
அந்த ஒரு பெட்டியில்
இருபத்தாறு போன், நான்கு பல்பு,
ஒரு பையனின் மூச்சுக்கு நெபுலைசர்.
அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி
அங்கிருந்து பார்த்தால் தெரியும்.

டெம்போவோடு போனேன்.
ஏலம் முடித்து தேசம்மாள் கை கழுவிக்கொண்டிருந்தாள்.
“ரிப்பேருக்கா?”
இல்லக்கா, வித்துட்டாங்க.
“இன்னா ரேட்டுக்குப் போச்சு?”
காதில் விழுந்த தொகையைச் சொன்னேன்.
கோடிக்கு அவள் முகம் மாறவில்லை.
“பங்கு எப்டிப் பிரிச்சாங்க?”

படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று,
மிச்சம் கடலுக்குப் போன ஆட்களுக்கு.
டீசலுக்குக் கடன் கொடுத்தவன்கூட
கரையில் வந்து நிற்பான்.
அவளுக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

“கவர்மென்ட்டு துட்டுன்னு ஒட்டிருக்கியே,
அதுக்கு இன்னா பங்கு?”
அது மானியம்க்கா.
“அப்டின்னா?”
திருப்பிக் கேக்காத பணம்.
“யாரு கேக்கல?
என்னாண்ட யாருனா கேட்டாங்களா, வேணுமா வேணாமான்னு?”

அப்புறம் அவளே ஒரு கை கொடுத்தாள்,
பெட்டி கனம்.

ஹேர் டிரையரை ஷெட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.
சுரண்டினேன். காகிதம் பிய்ந்து வந்தது,
பாதி ‘அரசு’ நகத்துக்குள்.
பாலத்தில் டெம்போ சிக்கி நின்றபோது
ஆற்றுப் பக்கமிருந்து சாம்பல் பறந்து
கோந்தில் உட்காரத் தொடங்கியது,
சரியாக லேபிள் இருந்த அளவுக்கு,
சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம்.

துணி மடியில்தான் இருந்தது.
துடைக்கவில்லை.
அதை வீரம் என்று சொல்ல வரவில்லை.

அடுத்த மாதம் சம்பளம்
எனக்கு உச்சரிக்க வராத பெயரிலிருந்து வந்தது,
ஆயிரத்து ஐந்நூறு கூட,
தொழில்வரி பிடித்தது போக.